அந்த லொறி உன்னைத் தேடி வந்தது

மகன்,

இதைத் தங்கச்சி எழுதித் தரவில்லை, நானேதான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். வாய்க்குள் சொல்லிச் சொல்லி வாசி, விளங்கும். அக்காவின் மூத்தவளுடைய கொப்பியில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்தெடுத்து ஐந்து நாளாக எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினால் நடுவில் அழுவேன்; நீ "சரிம்மா, மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய்; இரண்டாம் தரம் சொல்ல எனக்குத் துணிவு வராது. கடிதத்தை நீ பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உள்ளே எழுதியபடி கிடக்கும். உன் அறையில் இருக்கிற மற்றப் பெடியன்கள் கேட்டால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. நான் சொன்ன பொய்யை ஊரே கேட்டது, இதையும் நாலு பேர் கேட்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் கலியாணப் பேச்சை எடுத்தபோது நீ சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை. உன் பழைய கூட்டாளி கோகுலன்தான் பெண் கேட்கிறான் என்றதும் கட்டாரில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாய்: "அது விட்டுட்டுப் போற பரம்பரை அம்மா. தகப்பன் அப்பாவ விட்டுட்டுப் போனான். மகன் என்னை விட்டுட்டுப் போனான். இவளை எங்க கொண்டுபோய் விடுவானோ? அவன்ட காலக் கழுவ நான் வரமாட்டன்." அந்தச் சொற்கள் உன்னுடையவை இல்லை மகன். 'விட்டுட்டுப் போற பரம்பரை' என்று முதல்முதல் சொன்னவள் நான். உனக்கு மீன்குழம்பு ஊற்றும்போதெல்லாம் சேர்த்து ஊற்றினேன்.

தங்கச்சி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. "அண்ணன் வந்து மாப்பிள்ளைட காலக் கழுவிக் கூட்டி வந்தா மணவறைக்குப் போறன். இல்லாட்டி இப்பிடியே இரிக்கிறன். ஆரும் பெரியப்பாட மகனக் கூட்டி வந்து வாசல்ல நிப்பாட்ட வேணாம்" என்றாள். அவளும் என் மகள்தானே, சொன்னால் சொன்னதுதான். ஆகவே உன்னிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தகப்பனைப் பற்றி நான் சொன்னது பாதி உண்மை. மகனைப் பற்றிச் சொன்னது முழுப் பொய். பொய்யை முதலில் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து அடுத்த வருசம், ஒரு சனிக்கிழமை. மட்டக்களப்பு டவுனில் கிண்ணத்துக்கான ஆட்டம். டவுன் கழகம் முதலாம் பிரிவு; அவர்களுக்கு ஒரே நிறச் சப்பாத்து, பயிற்சிக்காரர், தண்ணீர்ப் போத்தல் தூக்க ஓர் ஆள். நம்முடையது மூன்றாம் பிரிவு. இரண்டு தரம் இடம்பெயர்ந்து வந்து, மைதானத்தில் கண்ணிவெடி இல்லை என்று சொன்ன பிறகு புல்லு வெட்டி விளையாடத் தொடங்கிய கழகம். அடையாள அட்டை காட்டினால்தான் ஆட விடுவார்கள். சுனாமியில் கடல் வந்தபோதும் பிறகு ஷெல்லுக்கு ஓடியபோதும் அட்டையைத் தொலைத்தவர்களைக் கழித்துப் பார்த்தால், கையில் அட்டையோடு மிஞ்சியது பதினொரு பேர்தான். அதில் நீ ஒருவன். இடது பக்க ஓட்டம் உன்னுடையது. அதற்கு முந்தின ஆட்டத்தில் வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தென்னைக்கு அடித்துவிட்டு வந்து, மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தாய். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே தொட்டால் உனக்கு நோகும் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

லொறி ஒன்பது மணிக்கு என்றிருந்தது. நீ விடியவே களப்பில் போட்ட வலையை எடுக்கப் போனாய், எட்டரைக்குள் வந்துவிடுவேன் என்று. மீன் ஏற்றுகிற லொறி அது, ஓட்டுவது ஒரு முஸ்லிம் காக்கா. முதலாளிக்கு ஏதோ அவசரம், ஏழரைக்கே சந்திக்கு வந்துவிட்டது. பெடியன்கள் ஐஸ் பெட்டிகளுக்கு மேலே ஏறியிருந்து பாட்டுப் படிக்கிற சத்தம் வீடுவரை கேட்டது. கோகுலன் நம் கடப்படிக்கு ஓடிவந்து வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"மாமி, மச்சான் எங்க? கெதியா வரச் சொல்லுங்க, லொறிக் காக்கா வெளிக்கிடப் போறார்."

நீ நின்ற இடம் கண்டல் மரங்களுக்கு அந்தப் பக்கம். சோறு ஆறுது வா என்று நான் தினமும் கூப்பிடுகிற தூரம். கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன் மகன். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"அவன் நேத்தே வெல்லாவெளிக்கு சின்னம்மா வீட்ட போயிட்டான் மனே. அங்கயிருந்து பஸ் எடுத்து நேரா கிறவுண்டுக்கு வாறன் எண்டவன்."

"மெய்யாவா மாமி? என்னட்ட ஒண்டும் சொல்லல்லையே."

"உன்னட்டக் கேட்டுத்தான் அவன் மூச்சும் விடணுமா?"

அவன் சிரித்தான். "ஆட்டத்துக்கு வந்தாச் சரி மாமி" என்று சொல்லிவிட்டு ஓடினான். லொறி போன சத்தம் அடங்கும்வரை நான் கடப்படியில் நின்றேன். அந்த நேரத்தில்கூட கூப்பிட்டிருக்கலாம். பாலத்தடிக் காவலில் லொறியை நிறுத்திச் சோதிப்பார்கள், சைக்கிளில் போனால் பிடித்திருப்பாய். அதையும் யோசித்தேன், யோசித்துக்கொண்டே உள்ளே போய் அடுப்பை ஊதினேன்.

நீ எட்டேகாலுக்கே வந்தாய், தலையில் மீன்கூடையோடு. சந்தி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாய். "லொறி வந்ததாம்மா?" என்றாய்.

"வந்திச்சி. நிக்கவே இல்ல. 'தென்னைக்கு அடிக்கிறவன் எதுக்கு, அவன் இல்லாமலும் ஆடலாம்' எண்டு கோகுலன் கத்திட்டுப் போறான்."

நீ கூடையை இறக்கவில்லை. மீன் தண்ணீர் உன் காதோரம் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. "அவனா சொன்னான்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாய். "என்ட ரெண்டு காதாலயும் கேட்டன்" என்றேன். காலைப் பஸ் போய்விட்டிருந்தது, அடுத்தது பின்னேரம். உன்னிடம் போனும் இல்லை. இருந்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டாய், நான் அப்படிச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு முழுதும் நீ கிணற்றடியில் இருந்து வலையைக் கழுவினாய். கழுவின வலையைத் திரும்பவும் கழுவினாய். பொழுது சாயும்போது சந்தியில் சீனவெடி கொளுத்தினார்கள். நீ இல்லாமலே வென்றுவிட்டார்கள் என்று உனக்கு விளங்கிவிட்டது. உன் முகம் அப்போது போன போக்கை எழுத எனக்கு எழுத்துத் தெரியாது.

மறுநாள் காலை நீ கடலில் இருந்தபோது கோகுலன் வந்தான். கண் சிவந்திருந்தது. "ஏன் மாமி அவன் வரல்ல? கடைசிவரைக்கும் பாத்தம்" என்றான். ஒரு பொய்யை மூட இன்னொன்று வேண்டியிருந்தது. "உங்களோட ஆட அவனுக்கு விருப்பமில்லையாம். உன்ட முகத்தையும் பாக்க வேணாமாம்" என்றேன். அவன் திரும்பிப் போனான். மூன்று மாசத்தில் நீ கட்டாருக்குப் போனாய். பஸ் ஏறும்போது அவன் சந்திக் கடைக்குப் பக்கத்தில் நின்றான், நீ முகத்தைத் திருப்பினாய். உங்கள் இருவருக்கும் நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான். எனக்கு அன்று நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது மகன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

இனி அந்தப் பாதி உண்மை. கடல் வந்த அன்று நீயும் கோகுலனும் களப்புப் பக்கம் நின்றீர்கள், ஒன்றையும் பார்க்கவில்லை. பார்த்தவள் நான். அக்காவின் மூத்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கச்சியைக் கையில் பிடித்து இழுத்தபடி மேற்கே ஓடினேன். அப்பா பின்னால் வந்தார். திருக்கை குத்தின கால், இழுத்து இழுத்துத்தான் ஓடுவார். அப்போது கோகுலனின் தகப்பன் தம்பிப்பிள்ளை உழவு மெசினில் வந்தார். அப்பா கையை நீட்டினார். மெசின் நிற்கவில்லை. இவ்வளவும் நடந்தது, இதைத்தான் உனக்கு நூறு தரம் சொன்னேன். சொல்லாமல் விட்டது இது: பின்னால் பெட்டியில் இடமில்லை. பிள்ளைகளை நெல்மூட்டை மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டிருந்தது. தம்பிப்பிள்ளையின் பெண்சாதி பின்பலகையைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கினாள், அவளுடைய கால் மண்ணில் இழுபட்டுக்கொண்டு வந்தது. உள்ளே கிடந்த பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று முகம் முகமாக இன்றைக்கும் சொல்வேன். தண்ணீர் மெசினுக்குப் பின்னால் தென்னந்தோப்புக்குள் வந்துவிட்டது. நிறுத்தியிருந்தால் அத்தனை பேரும் போயிருப்பார்கள்.

இது எனக்குப் பிறகு விளங்கியதல்ல. அந்த நிமிசமே கண்டேன். கண்டதைச் சொல்லாமல் விட்டதற்கு ஒரே காரணம்தான். பெட்டியில் இடமில்லை என்று ஒத்துக்கொண்டால், உன் அப்பாவை விட்டுவிட்டுப் போனது யார் என்ற கேள்வி என்னிடம் வந்து நிற்கும். அவர் "ஓடு, ஓடு" என்றார், நான் ஓடினேன். ஒரு தரம்தான் திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் தரம் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகள் கையில் இருந்தன என்று நீ சொல்வாய், ஊரும் சொல்லும். எனக்கு அது போதவில்லை. குற்றத்தை வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தம்பிப்பிள்ளை மெசினில் உயரமாக இருந்தார், கண்ணுக்கு லேசாகத் தெரிந்தார். பிறகு யுத்தத்தில் வாகரையை விட்டு எல்லாரும் ஓடி முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த காலத்தில் ஒருநாள் என் கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்று என்னை "தங்கச்சி" என்றார். அரிசி களைந்த தண்ணீரை அவர் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனேன். அடுத்த மாசம் காய்ச்சலில் செத்துப்போனார். செத்தவரோடு கோபித்துக்கொண்டிருக்க முடியவில்லை. மகன் இருந்தான். கோபத்தை அவன் பக்கம் திருப்பினேன். லொறி வந்து நின்ற அன்று, தகப்பன் அப்பாவுக்குச் செய்ததாக நான் சொல்லித் திரிந்ததை, அவன் உனக்குச் செய்ததாக அப்படியே மாற்றிச் சொன்னேன். புதிதாக ஒரு பொய்கூட எனக்குக் கட்டத் தெரியவில்லை.

இதை எழுதத் தொடங்குமுன் கோகுலனிடம் போனேன். கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான். "இரி, இருந்து கேள். நின்டு கேட்டா எனக்குப் பயமா இரிக்கும்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், அரிசித் தண்ணீர்வரை. அவன் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான். முடிந்த பிறகு சொன்னான்: "விடுங்க மாமி. அவன் வந்திருந்தா தோத்திருப்பம். பந்து இப்பவும் தென்னையிலதான் நின்டிருக்கும்." சிரித்தான்; சிரிப்பு நடுவில் அறுந்துபோனது. எழும்பிப் போய்க் கடல் தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். "அப்ப அண்டைக்கு அவன் என்னைப் பாத்துக்கொண்டா இருந்தவன்?" என்றான். "ஓம்" என்றேன். "நானும் அங்க அவனத்தான் மாமி பாத்துக்கொண்டு நின்ட" என்றான்.

பிறகு அந்த ஆட்டத்தைச் சொன்னான். நீ இன்றுவரை கேட்காத ஆட்டம். யார் தொடங்கினாலும் எழும்பிப் போய்விடுவாயாமே. எனக்கு உதைபந்து விளங்காது, அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மீன் லொறியிலிருந்து இறங்கும்போதே டவுன் ஆட்கள் மூக்கைப் பொத்தினார்களாம். "டேய், நெத்தலிக்கெல்லாம் சப்பாத்துப் போட்டு அனுப்பியிரிக்கானுகள்" என்று ஒருவன், "ஐஸ் உருகமுதல் ஆட்டத்த முடிங்கடா" என்று இன்னொருவன். பெயர்ப் பட்டியலில் கோகுலன் பதினொரு பெயரும் எழுதிக் கொடுத்தான். உன் பெயர் ஏழாவது. மத்தியஸ்தர் எண்ணிப் பார்த்துவிட்டு "பத்துப் பேர்தானே நிக்கிறீங்க" என்றாராம். "ஒராள் பஸ்ஸில வாறான் சேர், வெல்லாவெளியில இருந்து" என்றானாம் இவன். லொறிக் காக்கா பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றார், நீ இறங்கினால் கையோடு கூட்டி வர. வந்த பஸ் ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தார். அந்த மனிசன் ஒரு கோலையும் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லி உன்னை ஏசுகிறாராம்.

முதல் பத்து நிமிசத்திலேயே டவுன் ஒரு கோல் போட்டது. இவர்களுக்குக் கால் ஓடவில்லை. றோட்டில் பஸ் கோர்ன் கேட்டால் பத்துத் தலையும் அந்தப் பக்கம் திரும்புமாம். இடைவேளையில் கோலி கத்தினானாம், "கப்டன், அவன் வரமாட்டான், இடப்பக்கத்த மூடு, ஆரையாவது போடு." கோகுலன் மாட்டேன் என்றுவிட்டான். "அது அவன்ட இடம். வந்தா எங்க நிப்பான்?" அந்த விசர்க்கதைதான் ஆட்டத்தை வென்று தந்தது என்கிறான். உன் இடம் வெறுமையாகக் கிடந்ததால் அந்தப் பக்கத்து டவுன் ஆளுக்குப் பிடிக்க எவரும் இல்லை. சும்மா நிற்கச் சலித்து முன்னுக்கு முன்னுக்கு ஏறிப் போனானாம். முதலில் ஒரு மூலை உதை; களப்புக் காற்று தூக்கிக் கொண்டுவந்த பந்து அவர்கள் ஆள் ஒருவனின் தோளிலேயே பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது நம் கோலி பந்தைத் தூர எறிந்தான். ஏறிப் போனவன் திரும்பி ஓடி வருமுன் கோகுலன் உன் வெறும் இடத்துக்குள்ளால் ஓடினான். நீ ஓடுகிற மாதிரியே கோட்டை ஒட்டி ஓடி, நீ அடிக்காத மாதிரித் தாழ்வாக அடித்தான். இரண்டு.

அதற்குப் பிறகு பத்துப் பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் நின்று தலையாலும் நெஞ்சாலும் முதுகாலும் பந்தை அடித்தார்கள். ஒருவனுடைய பல்லு போனது. விசில் ஊதியபோது டவுன் பக்கத்தில் சத்தமே இல்லையாம். கடைசியில் ஒரு வயசாளி மட்டும் எழும்பி, "நெத்தலியள் சுறாவக் கடிச்சிட்டானுகளடா" என்று கை தட்டினாராம். எல்லாரும் புல்லில் விழுந்து கிடக்க, கோகுலன் மட்டும் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினான். வென்றதை உனக்கு முதலில் சொல்ல வேண்டுமென்று. அங்கே காக்கா தனியாக நின்றார். அடுத்த ஆட்டத்தில் நாலு கோல் வாங்கித் தோற்றார்கள், அது வேறு கதை. ஆனால் அந்த ஒரு நாள் ஊருக்குக் கிடைத்தது. கடலும் யுத்தமும் எடுத்ததற்குப் பிறகு நம்மவர்கள் எதையோ வென்றுகொண்டு வந்த நாள். அதிலிருந்து உன்னை வெட்டி எடுத்தவள் நான்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. முகாமில் பெரிய தறப்பாளைத் தனக்கு இழுத்துக்கொண்டு ஓட்டைத் தறப்பாளை எனக்கு விட்டவளோடு இன்றைக்கும் கதைப்பதில்லை, சாகும்வரை கதைக்கவும் மாட்டேன். அது என் கண்ணால் கண்டது. கண்டதற்குக் கோபம் வைக்கலாம் மகன், உனக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீ மூன்று வருசமாகச் சுமக்கிற கோபம் நீ கண்டது இல்லை. நான் சமைத்துத் தந்தது.

கலியாணம் ஆவணியில் வைக்கலாம் என்று அக்கா பார்த்திருக்கிறாள். லீவு கேட்க உனக்கு இரண்டு மாசம் வேண்டும் என்பதும் தெரியும். தங்கச்சிக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, கடப்படி தாண்டுமுன் சொல்லிவிடுவேன். அவள் என்ன செய்வாளோ தெரியாது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஒருவரையும் மன்னித்துப் பழகாதவள் எந்த வாயால் கேட்பேன்? வந்தால் என்னோடு கதைக்காமல் இரு. நான் அடுப்படியில் இருப்பேன், சாப்பாட்டை அக்கா போடுவாள். கோபம் எவ்வளவு இருந்தாலும் என்மேல் வை, எனக்கு அதைத் தாங்கத் தெரியும். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது செம்போடு நீ நில்லு. அது தங்கச்சிக்காக. வர மனம் இல்லையென்றால் அவளுக்கு நீயே போன் எடுத்து, "அம்மா செய்ததாலதான் வரல்ல" என்று சொல்லிவிடு. நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். கோகுலனைக் காரணமாகச் சொல்லாதே. அவன் பெயரில் இன்னொரு பொய்யை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது, நீயும்.

அம்மா